புது வீடா, ஆள் இருந்த பழைய வீடா? எதுக்கு எங்க பலம்

ரெண்டுக்கும் பெரிய வித்தியாசம் எனக்கு ஒன்னுதான் படுது, குறை வெளிய தெரியுதா இல்லயாங்கறது. ஆள் இருந்த வீட்டுல ஒழுகல் இருந்தா சீலிங்ல கறை இருக்கும், இல்ல ஒரே ஒரு சுவத்துக்கு மட்டும் புதுசா பெயின்ட் அடிச்சு வெச்சிருப்பாங்க, நிதானமா பாத்தா புடிச்சிடலாம். புது வீடு இன்னும் ஒரு மழைகூட முழுசா பாத்திருக்காது, டைல்ஸ் பளபளப்ப பாத்துட்டு நாம தலையாட்டிட்டு வந்துடுவோம்.

விரிசல எடுத்துக்குங்க. கான்கிரீட்டும் பூச்சும் காய காய சுருங்கும், அதனால புது வீட்டுல முதல் ஒன்னு ரெண்டு வருஷத்துல மெல்லிசா கோடு விழறது சகஜம், அதுக்கு பயப்பட வேணாம். ஆனா ஜன்னல் மூலைலேர்ந்து சாய்வா ஓடி ஒரு பக்கம் அகலமாகிட்டே போனா அஸ்திவாரம் எறங்குதோன்னு சந்தேகப்படணும், பழைய வீட்டுல அந்த மாதிரி விரிசல அடைச்ச பூச்சு மறுபடி பொளந்திருந்தாலே இன்னும் ஓடிட்டு இருக்குன்னு அர்த்தம், உடனே ஒரு என்ஜினியர கூட்டிட்டு போங்க.

ஒயரிங், பைப்புல புதுசுதான் ஜெயிக்குது, இதுல பேச்சே இல்ல. 30, 40 வருஷ வீடுன்னா ஜிஐ பைப் (துத்தநாகம் பூசுன இரும்பு பைப்) உள்ள துருப்பிடிச்சு தண்ணி நூலா வரும், பல வீட்டுல எர்த் ஒழுங்கா இருக்காது, ஏசி தாங்குற ஒயரும் இருக்காது, மாத்தணும்னா சுவத்த உடைக்கணும். அந்த செலவ சேக்காம பழசு மலிவுன்னு கணக்கு போடாதீங்க ப்ளீஸ்.

புதுசுதான்னு முடிவு பண்ணா, டைல்ஸ நாணயத்தால தட்டி பாருங்க, டொக்குன்னு வெத்து சத்தம் வந்தா அடியில கலவை சரியா நிரம்பல. பாத்ரூம்ல ஒரு வாளி தண்ணி ஊத்துங்க, ஓட்டைய நோக்கி ஓடாம வாசப்படிகிட்ட தேங்குனா லெவல் தப்பு, குடி வந்த பிறகு அத சரி பண்ண தரையையே பேக்கணும். குறை வந்தா எத்தன வருஷம் வரைக்கும் பில்டர் பொறுப்புன்னு ஒப்பந்தத்துல எழுதி வாங்குங்க, வாய் வார்த்தைய நம்பாதீங்க.

பூச்சுக்கு முன்னாடியே உள்ள விட்டு பைப்பும் ஒயரும் போற வழிய போட்டோ எடுக்க விடுற பில்டர்னா புது வீட்டயே வாங்குவேன். பூசி முடிச்ச பிறகுதான் காட்டுவேன்னா அஞ்சுலேர்ந்து பத்து வருஷம் ஆன வீடுதான் என் சாய்ஸ், பைப்பு ஒயரு இன்னும் நல்லா உழைக்கும், வீடும் எறங்க வேண்டியது பெரும்பாலும் எறங்கி முடிச்சிருக்கும்.