நடுவழியில் கார் சாவி செய்து தர வருகிறவர்களிடம் உஷார்

இன்னும் கோபம் ஆறவில்லை. எழுத்து முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அரை மாதச் சம்பளம் போய்விட்டது. கம்பெனி பெயரை இப்போது போடப் போவதில்லை, புகார் கொடுத்திருக்கிறேன், அது ஒரு முடிவுக்கு வரட்டும். சாவி இல்லாமல் வழியில் நிற்பவர்களிடம் ஆளை அனுப்பி அங்கேயே புதுச் சாவி செய்து தருவதாகச் சொல்லும் ஒரு செயலி. இப்போதைக்கு இது தெரிந்தால் போதும்.

அப்பாவை டாக்டரிடம் காட்டிவிட்டு இரவில் கார் நிறுத்துமிடத்துக்கு வந்தபோது, சாவி கை நழுவி மழைநீர் வடிகாலின் கம்பி இடுக்கில் விழுந்துவிட்டது. செகண்ட் ஹேண்ட் கார், வாங்கும்போதே ஒரே சாவிதான். அப்பா பக்கத்தில் ஒரு திண்டில் உட்கார்ந்திருந்தார். போனில் தேடியதும் முதலில் வந்தது இவர்கள் விளம்பரம்தான். பேசிய பெண் காரின் மாடல், வருடம், வேறு சாவி இருக்கிறதா என்று எல்லாம் கேட்டுக்கொண்டு ஒரு சின்னத் தொகை சொன்னார். "அது விசிட் சார்ஜ் மேடம், சாவிக்கு மேல கொஞ்சம் ஆகும்." கொஞ்சம் என்றால் எவ்வளவு? "டெக்னீஷியன் வண்டியைப் பார்த்துத்தான் சொல்வார் மேடம்." மாடலும் வருடமும் கையில் இருந்தால் இந்தத் தொழிலில் இருப்பவர்கள் போனிலேயே தோராயமாக ஒரு தொகை சொல்லிவிடலாம் என்று பிறகுதான் தெரிந்தது. சொல்லாததற்குக் காரணம் உண்டு.

வந்தவர் நல்ல மரியாதை. "அக்கா, முதல்ல அப்பாவ உள்ள உட்கார வைப்போம்" என்று கதவு இடுக்கில் காற்றுப் பையைச் செருகி ஊதி, நீளக் கம்பியை விட்டு, ஒரு கீறல் விழாமல் கதவைத் திறந்தார். அதில் குறை சொல்ல முடியாது. பிறகு பூட்டுக்குள் கருவியை விட்டு, சாவியில் போட வேண்டிய வெட்டுகளின் ஆழம் பார்த்தார். வேனில் இருந்த மெஷினில் சாவியை வெட்டினார். அது இக்னிஷனில் திரும்பியது. ஸ்டியரிங்குக்குக் கீழே, காரின் கம்ப்யூட்டரோடு கருவியை இணைக்கும் ஓபிடி சாக்கெட்டில் வயரைச் செருகிவிட்டு டேப்லெட்டை என் பக்கம் திருப்பிக் காட்டினார். திரையில் 17 எழுத்தும் எண்ணுமாக என் காரின் சேசிஸ் நம்பர். "இதே நம்பர்தானேக்கா உங்க பேப்பர்ல இருக்கு? இனிமே கவலைய விடுங்க."

அந்த இடத்தில்தான் முழுசாக நம்பினேன். அப்பாவே "பையன் விவரமானவன்" என்றார். பிறகு விசாரித்தால், அந்த நம்பரை எந்த மலிவான ஸ்கேனரும் படித்துக் காட்டிவிடுமாம். அதைவிட முக்கியமானது, என் பேப்பரை அவர் வாங்கிப் பார்க்கவே இல்லை. கார் என்னுடையதுதானா என்பதற்கு என் வாய்ச் சொல் தவிர அவரிடம் எதுவும் கிடையாது. ஒழுங்காகத் தொழில் செய்பவர் கதவில் கை வைக்கும் முன்பே வண்டிப் பேப்பரும் அடையாள அட்டையும் கேட்பார்.

எஞ்சின் ஓடியது. உடனே அணைத்து, சாவியை எடுத்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, போனில் கணக்குப் போட ஆரம்பித்தார். வெட்டுக்கூலி தனி, சிப் தனி, புரோகிராமிங் (புதுச் சாவியைக் காரின் கம்ப்யூட்டரில் பதிவது) தனி, ரிமோட் தனி, நைட் சார்ஜ் தனி. கூட்டினால் அரை மாதச் சம்பளம். வாக்குவாதம் செய்தேன். "அப்ப சாவிய அழிச்சிட்டுப் போயிடவாக்கா?" குரலில் அதே மரியாதை! அப்பா மாத்திரை போட வேண்டிய நேரம் தாண்டிக்கொண்டிருந்தது. கார்டு வாங்க மாட்டாராம், டிரான்ஸ்ஃபர்தான், அதுவும் கம்பெனி கணக்குக்கு இல்லை, யாரோ ஒரு தனிநபர் கணக்குக்கு. ரசீது என்று தந்த துண்டுச் சீட்டில் பெயர் இல்லை, முகவரி இல்லை. "சாவி வேலை" என்று எழுதிக் கீழே தொகை. ரிமோட் பட்டன் வேலை செய்யவில்லையே என்றேன். "பேட்டரி புதுசுக்கா, ஒரு நாள் செட் ஆகணும்." பேட்டரி செட் ஆக வேண்டுமாம்!

மறுநாள் காலை ஸ்டார்ட்டர் சுற்றியது, எஞ்சின் ஒரு நொடி பிடித்துவிட்டு அணைந்தது. டாஷ்போர்டில் சாவிப் படம் போட்ட விளக்கு சிவப்பாக மினுக்கிக்கொண்டே இருந்தது.

கார் எலக்ட்ரீஷியன் ஒருவர் வீட்டுக்கே வந்து பார்த்தார். உலோகத் தண்டு பூட்டைத் திருப்பும், அவ்வளவுதான். எஞ்சின் ஓட சாவியின் தலைக்குள் இருக்கும் சிப் பதில் சொல்ல வேண்டும். இக்னிஷன் பூட்டைச் சுற்றியுள்ள கம்பிச்சுருள்தான் அந்தச் சிப்புக்கு மின்சாரம் கொடுத்து அதன் எண்ணைப் படிக்கிறது. தெரியாத எண் என்றால் காரின் கம்ப்யூட்டர் எஞ்சினை ஓட விடாது. இதற்குப் பெயர் இம்மொபிலைசர். ஐரோப்பாவில் 1998-லிருந்தே புதுக் கார்களில் கட்டாயம்.

சாவியை அவர் பிளந்து காட்டினார். சிப் அதற்கான குழியில் இல்லை. ஒரு சொட்டுப் பசையில் ஓரமாக ஒட்டியிருந்தது கழன்று உள்ளே உருண்டுகொண்டிருந்தது. ரிமோட் போர்டு பழசு. பட்டன் இருக்கும் இடம் தேய்ந்து பளபளத்தது, பின்பக்கம் வேறு ஏதோ காருக்கு ஒட்டிய ஸ்டிக்கர் பாதி கிழிந்து கிடந்தது. அலைவரிசை பார்க்கும் கருவியில் வைத்து அழுத்தினால் 315 மெகாஹெர்ட்ஸ் என்று காட்டியது. என் கார் கேட்பது 433. நூறு வருடம் அழுத்தினாலும் கதவு திறக்காது. இதற்கா அரை மாதச் சம்பளம்?

செயலியில் புகார் போட்டேன். "டெக்னீஷியனிடம் பேசுங்கள்" என்றார்கள். டெக்னீஷியன், "கம்பெனில பேசுங்கக்கா, நான் கமிஷனுக்கு வர்றவன்." மறுபடி செயலி. "பேட்டரி மாற்றிப் பாருங்கள் மேடம்." சிப்புக்கும் அந்தப் பட்டன் பேட்டரிக்கும் சம்பந்தமே இல்லை, பேட்டரி ரிமோட்டுக்கு மட்டும்தான் என்று விளக்கினேன். கொஞ்ச நேரம் பாட்டு ஓடியது. வேறொருவர் வந்து, வாரண்டி புரோகிராமிங்குக்கு உண்டு, சாவிக்குக் கிடையாது என்றார். சாவியே இல்லாமல் எதைப் புரோகிராம் செய்தார்களாம்? கேட்டதும் லைன் கட். மாலையில் பார்த்தால் புகாருக்கு நேரே "தீர்க்கப்பட்டது" என்று பச்சையில் இருக்கிறது. டெக்னீஷியன் என் நம்பரை பிளாக் செய்துவிட்டார்.

இதையெல்லாம் விட வயிற்றைக் கலக்குவது இன்னொன்று. எலக்ட்ரீஷியன் ஸ்கேனரைப் போட்டதும், இம்மொபிலைசரில் 2 சாவி பதிவாகியிருப்பதாகக் காட்டியது. என் கையில் 1. மற்றது வடிகாலில் கிடக்கும் பழைய சாவியா? அப்படியானால் தொலைந்த சாவியை அழிக்க வேண்டிய வேலையை அவர் செய்யவில்லை. இல்லை, அவர் பையில் இன்னொன்று இருக்கிறதா? தெரியாது. வீட்டு முகவரியும் அந்தச் செயலியில் இருக்கிறது. எல்லாவற்றையும் அழித்து, புதுச் சாவி மட்டும் ஏற்றச் சொல்லியிருக்கிறேன். அதற்கு மறுபடி காசு. அரை மாதச் சம்பளம் போனது போக இது வேறு.

என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது பொறுமை இல்லை. அவசரமாகச் சில:

சிப், புரோகிராமிங், ரிமோட், இரவுக் கட்டணம் எல்லாம் சேர்த்து மொத்தம் எவ்வளவு என்று போனிலேயே கேளுங்கள், மெசேஜில் வாங்குங்கள். "பார்த்துத்தான் சொல்வோம்" என்றால் வைத்துவிடுங்கள். பேப்பர் கேட்காமல் கதவைத் திறப்பவரை நிறுத்துங்கள். காசு கொடுக்கும் முன் கதவுப் பூட்டு, ஒவ்வொரு பட்டன், அணைத்து அணைத்து ஸ்டார்ட் எல்லாவற்றையும் நீங்களே செய்து பாருங்கள். எத்தனை சாவி பதிவில் இருக்கிறது என்று திரையில் காட்டச் சொல்லிப் படம் எடுத்து வையுங்கள். தனிநபர் கணக்குக்குப் பணம் போடவே போடாதீர்கள். ஒரே சாவியோடு கார் ஓட்டுகிறவர்கள் இந்த வாரமே இரண்டாவதைச் செய்துவிடுங்கள், ஒரு சாவியாவது கையில் இருக்கும்போது செலவும் வேலையும் குறைவு.

இதே மாதிரி மாட்டியவர்கள் ரசீது, மெசேஜ் எதையும் அழிக்காமல் எனக்கு எழுதுங்கள். சேர்ந்து புகார் கொடுக்கலாம்.