டைப்ரைட்டர் சத்தம் போடும் எழுதுதளங்களில் தமிழ் எழுதிப் பார்த்தது

காம்லி ரைட்டர், ஃபோகஸ்ரைட்டர் என்ற எழுதும் மென்பொருள்கள் இரண்டையும் சில வருடங்களாக மாற்றி மாற்றிப் பயன்படுத்துகிறேன். முன்னது பிரவுசரிலேயே ஓடும். பின்னதை இறக்கி நிறுவ வேண்டும், இலவசம்தான். இரண்டிலும் எழுதும்போது மெனு, பட்டன் எதுவும் கண்ணை உறுத்தாது. வேண்டுமானால் டைப்ரைட்டர் சத்தமும் வைத்துக்கொள்ளலாம்.

அந்தச் சத்தத்துக்காகத்தான் உள்ளே போனேன். பாளையங்கோட்டையில் லோயர், ஹையர் என்று டைப்பிங் இன்ஸ்டிடியூட்டுக்கு சைக்கிள் மிதித்த ஆள் நான். வரிசையாகப் போட்ட மிஷின்களின் இரைச்சலில் பழகிய காதுக்கு, லேப்டாப் கீபோர்டில் தட்டுவது தட்டின மாதிரியே இருக்காது. ஃபோகஸ்ரைட்டரில் எழுத்துக்கு ஒரு சத்தம், என்டருக்கு வேறு சத்தம். ராத்திரி ஜன்னலைத் திறந்து வைத்து அடித்தால், "என்ன அண்ணாச்சி, பழைய மிஷினை எடுத்துட்டியளா?" என்று எதிர்வீட்டில் கேட்கிறார்கள்.

சத்தத்தின் மோகம் சில வாரம்தான். நான் காம்லியை விடாமல் வைத்திருப்பது அதன் ஃபோகஸ் மோடுக்காக. எழுதுகிற பத்தி மட்டும் தெளிவாக இருக்கும், மற்றவை மங்கிவிடும். முதல் பத்தியையே திரும்பத் திரும்ப நோண்டுகிறவர்களுக்கு நல்ல கடிவாளம்.

அச்சு அசலாக டைப்ரைட்டர் போலவே நடிக்கும் தளங்களில்தான் தமிழ் மாட்டிக்கொள்கிறது. ஒன்றில் ஒவ்வொரு குறியையும் ஒரே அகலக் கட்டத்தில் வைப்பார்கள். 'கொ' அடித்தால் க தனியே நிற்கும். கொம்பும் காலும் நடுவில் ஒரு புள்ளிவட்டத்தைச் சுமந்துகொண்டு அடுத்த கட்டத்தில் நிற்கும். இன்னொன்றில் பேக்ஸ்பேஸ் கிடையாது, அடித்தது அடித்ததுதான். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஒலிபெயர்ப்பு முறையில் k தட்டினால் க் வரும், அடுத்து a தட்டினால் தட்டச்சு மென்பொருள் அந்தப் புள்ளியை அழித்துத்தான் க ஆக்க வேண்டும். அழிப்பதற்கே தடை என்றால் வரி முழுக்கப் புள்ளிகள் சிதறிக் கிடக்கும். தமிழ் டைப்ரைட்டரை உருவாக்கிய ஆர். முத்தையா காலத்து மிஷினில் கொம்பை முதலில் அடிப்போமே, அந்தப் பழைய தட்டச்சு முறைக்கும் இதே கதிதான். கணினி எழுத்தைச் சேமிக்கும் யூனிகோடு முறையில் எழுத்து முன்னால், கொம்பு பின்னால். அதனால் மென்பொருள் இடம் மாற்றித்தான் ஆக வேண்டும்.

தமிழ்99 என்ற கீபோர்டு முறை மட்டும் இதில் தப்பித்தது. க அடித்து இ அடித்தால் கி. க இரண்டு முறை அடித்தால் தானாகவே க்க. எதையும் அழிக்க வேண்டியதில்லை, பின்னால் சேர்த்துக்கொண்டே போகிறது. 1999இல் அரசு ஏற்றுக்கொண்ட அமைப்பு அது. கை பழையதை மறக்க மாட்டேன் என்று அடம் பிடித்தாலும் நான் அதற்கே மாறிவிட்டேன்.

தி மோஸ்ட் டேஞ்சரஸ் ரைட்டிங் ஆப் என்று ஒன்று உண்டு. ஐந்து விநாடி கை நின்றால் எழுதியது எல்லாம் போச்சு. வாசலில் யாராவது கூப்பிட்டால் "யாரு?" என்று கேட்கக்கூட அவகாசம் இல்லாத வீட்டில் இது சரிப்படாது.

காம்லியில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். ஆன்லைன் என்றாலும் நாம் எழுதுவது நம் பிரவுசருக்குள்ளேதான் கிடக்கிறது. பிரவுசர் தரவை யாராவது சுத்தம் செய்தால் அதுவும் சேர்ந்து போய்விடும். லேப்டாப்பை சர்வீஸுக்குக் கொடுக்கும் முன் கோப்பாக இறக்கி பென்டிரைவில் போட்டுக்கொள்ளுங்கள்.