65 கட்டங்கள் வரைந்த தாள்: பாங்காக் டெவ்கானில் நான்கு நாள்

ஆதார் எண்ணை யாருக்கும் காட்டாமல், என்னிடம் ஆதார் இருக்கிறது என்பதை மட்டும் நிரூபித்துத்தான் டெவ்கான் மாநாட்டு டிக்கெட்டைச் சலுகை விலையில் வாங்கினேன். இ-ஆதாரில் இருக்கும் க்யூஆர் குறியீட்டுக்குள் அரசின் டிஜிட்டல் கையொப்பம் இருக்கிறது. அந்தக் கையொப்பம் செல்லும் என்பதற்கான சான்றை என் லேப்டாப்பே பிரவுசருக்குள் தயாரித்துக் கொடுத்தது. பெயர், முகவரி, எண் எதுவும் வெளியே போகவில்லை. 'அனான் ஆதார்' என்று அதற்குப் பெயர். சிம் கார்டு வாங்கவும், வாடகைக்கு வீடு பார்க்கவும் ஆதார் ஜெராக்ஸை நீட்டிப் பழகியவள் நான். தகவலைக் காட்டாமலே அது உண்மை என்று நிரூபிக்கும் இந்த 'ஜீரோ நாலெட்ஜ்' முறை பற்றி எவ்வளவோ படித்திருக்கிறேன். அது என் சொந்த வேலை ஒன்றை முடித்துக் கொடுத்ததை அன்றுதான் பார்த்தேன். மாநாடு தொடங்க இன்னும் மாதங்கள் இருந்தன. எனக்கு அப்போதே மனசு நிறைந்துவிட்டது.

எத்தீரியம் என்பது ஒரு பிளாக்செயின், அதாவது பல கணினிகள் சேர்ந்து பராமரிக்கும் பொதுக் கணக்கேடு. டெவ்கான் என்பது எத்தீரியம் அறக்கட்டளை நடத்தும் டெவலப்பர் மாநாடு. 2014இல் பெர்லினில் சின்னக் கூட்டமாகத் தொடங்கியது. அப்புறம் லண்டன், ஷாங்காய், கான்குன், பிராக், ஒசாகா, பொகோட்டா. நான் போனது 2024 நவம்பர் 12 முதல் 15 வரை பாங்காக்கில் நடந்தது. அடுத்தது 2026 நவம்பரில் மும்பையில். அதற்குப் போகலாமா வேண்டாமா என்று நம் பக்கத்துப் பிள்ளைகள் பலர் கேட்கிறார்கள். நான் கோவையில் ஒரு சிறிய வாலட் (கிரிப்டோ பணப்பைச் செயலி) நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். சொந்தக் காசில் போய் வந்தேன். அந்தக் கணக்கில்தான் சொல்கிறேன்.

சென்னையிலிருந்து பாங்காக்குக்கு மூன்றரை மணி நேரம்கூட முழுசாக ஆகாது. அந்த வருடம் ஜூலையிலிருந்து இந்தியர்களுக்கு 60 நாள் வரை விசா தேவையில்லை என்று தாய்லாந்து அறிவித்திருந்தது, அது பெரிய உதவி. தங்குமிடத்தில்தான் அடிபட்டேன். பணம் கட்டிப் பதிவு செய்திருந்த ஹோட்டலில், இரவு பன்னிரண்டு மணிக்குப் போய் நின்றபோது "உங்கள் பெயரில் அறை இல்லை" என்றார்கள். கையில் பெட்டியோடு இரண்டு தெரு நடந்து, பெண்களுக்கான ஒரு ஹாஸ்டலில் படுக்கை பிடித்தேன். மும்பைக்குப் போகிறவர்கள் கிளம்புவதற்கு முன்தினம் தங்குமிடத்துக்கு ஒரு போன் செய்து உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

இடம் குயின் சிரிகிட் தேசிய மாநாட்டு மையம். மெட்ரோ நிலையத்திலிருந்து தரைக்கடியிலேயே நேராக உள்ளே போய்விடலாம், வெயில் படாது. பக்கத்தில் பெஞ்சகிட்டி பூங்கா, அதற்குள் பெரிய ஏரி. தலை கனத்தபோதெல்லாம் அங்கே போய் நடந்தேன். தனியாக வந்த பெண் என்கிற தயக்கம் எனக்கு நான்கு நாளும் எங்கும் வரவில்லை. சைவம் சாப்பிடுகிறவர்கள் தெருக்கடைகளில் மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்தைத் தேடுங்கள். 'ஜே' என்பார்கள். முட்டை, மீன் சாஸ் எதுவும் சேராது.

உரைகளைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. முதல் நாள் ஜஸ்டின் டிரேக், எது சரியான கணக்கு என்று எத்தீரியத்தின் கணினிகள் ஒத்துப்போகும் பகுதியான ஒருமித்த முடிவு அடுக்கையே புதிதாக வடிவமைக்கலாம் என்று 'பீம் செயின்' யோசனையை முன்வைத்தார். குவாண்டம் கணினி வந்தாலும் உடையாத ஹேஷ் கையொப்பங்கள் அதில் ஒரு முக்கியமான பகுதி. பெரிய அரங்கம் நிரம்பியிருந்தது, நல்ல உரை. ஆனால் எல்லா உரைகளையும் இலவசமாகவே இணையத்தில் போட்டுவிடுகிறார்கள். உரை கேட்பதற்காக மட்டும் யாரும் விமான டிக்கெட் எடுக்க வேண்டாம். இரண்டாம் நாளிலிருந்து ஒரு நாளைக்கு இரண்டு உரை போதும் என்று வைத்துக்கொண்டு, மிச்ச நேரத்தை வெளியே மேசைகளுக்கு நடுவில் கழித்தேன். நான் கொடுத்த காசு அங்கேதான் திரும்பி வந்தது.

நான் ஒரு பிரச்சினையோடு போயிருந்தேன். எங்கள் வாலட் 'ஈஆர்சி-4337' என்கிற எத்தீரியம் தரமுறையில் இயங்குகிறது. அதில் பயனர் கையொப்பமிடும் கோரிக்கையை 'பண்ட்லர்' என்கிற இடைநிலைக் கணினி வாங்கி, தன் கைக்காசில் கேஸ் (எத்தீரியத்தில் வேலையின் அளவைக் கணக்கிடும் அலகு) கட்டணம் செலுத்தி பிளாக்செயினில் ஏற்றி, பிறகு அந்தக் காசைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். அதனால் கட்டணம் போதுமா என்று முன்கூட்டியே கறாராகப் பார்க்கும். எங்கள் கோரிக்கைகளில் சில, "முன்சரிபார்ப்புக் கேஸ் போதவில்லை" என்று திரும்பி வந்துகொண்டிருந்தன. எல்லாம் இல்லை, சில மட்டும். காலையில் ஒழுங்காக ஓடும், மாலையில் திடீரென்று விழும். ஆறு மாதம் இதோடு மல்லுக்கட்டினேன். கணக்கிட்ட தொகைக்கு மேல் கொஞ்சம் கூட்டி வைத்துப் பார்த்தேன். குறைந்ததே தவிர நிற்கவில்லை.

இரண்டாம் நாள் மதியம், பண்ட்லர் கோட் எழுதும் ஒருவர் பக்கத்து மேசையில் இருப்பதாக யாரோ சொன்னார்கள். அர்ஜென்டினாக்காரர், ஐம்பது வயதிருக்கும். போய் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னேன். அவர் பிழைப் பதிவு லாக் எதையும் கேட்கவில்லை. "பயனர் கையொப்பமிடுவதற்கு முன்பே கட்டணத்தைக் கணக்கிட வேண்டுமே, அப்போது கையொப்பத்தின் இடத்தில் என்ன வைக்கிறீர்கள்?" என்று மட்டும் கேட்டார். டம்மி கையொப்பம் என்றேன். "அதைக் காட்டுங்கள்."

லேப்டாப்பைத் திறந்தேன். 65 பைட், எல்லாமே சுழியம்.

அவர் என் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, வரிசையாகச் சின்னச் சின்னக் கட்டங்களாக வரைய ஆரம்பித்தார். 65 வரை எண்ணி வரைந்தார், பாதியில் நிறுத்தவில்லை. ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் 4 என்று எழுதினார். சுழியமாக இருக்கும் பைட்டுக்கு 4 கேஸ். பிறகு ஒவ்வொரு 4-ஐயும் அடித்து, மேலே 16 என்று எழுதினார். சுழியம் அல்லாத பைட்டுக்கு 16. உண்மையான கையொப்பத்தில் சுழியம் அபூர்வமாகத்தான் வரும். ஆக ஒரு கோரிக்கைக்குக் கிட்டத்தட்ட 780 கேஸ் குறைவாகக் கணக்கிட்டுக்கொண்டிருந்தோம். "இது சின்ன ஓட்டை" என்றார். "நீங்கள் எத்தீரியத்துக்கு மேலே இயங்கும் லேயர் டூ சங்கிலியில் ஓடுகிறீர்கள், இல்லையா? அங்கே தரவைச் சுருக்கிய பிறகான அளவை வைத்துக் கட்டணம் போடுகிறார்கள். சுழியங்கள் நன்றாகச் சுருங்கும், நிஜக் கையொப்பம் சுருங்காது. எத்தீரியத்தின் முதன்மைச் சங்கிலியான மெயின்நெட்டில் விலை ஏறும் நேரத்தில் அந்த வித்தியாசம் நீங்கள் கூட்டி வைத்ததைத் தாண்டிவிடும்." மாலையில் மட்டும் ஏன் விழுகிறது என்பது எனக்கு அந்த நொடியில் விளங்கியது. மொத்தம் பத்து நிமிடம் ஆகியிருக்கும்.

இந்தக் கணக்கு முழுக்க ஆவணங்களில் இருக்கிறது. 4, 16 இரண்டும் எனக்கே தெரியும். ஆனால் தெரிந்த இரண்டு விஷயங்களை என் தவறோடு சேர்த்துப் பார்க்க, இதே தவறைப் பலரிடம் பார்த்த ஒரு ஆள் எதிரே உட்கார வேண்டியிருந்தது. அன்று இரவே ஹாஸ்டல் படுக்கையில் உட்கார்ந்து டம்மி கையொப்பத்தை மாற்றினேன்.

இன்னொன்று, அந்த மேசைப் பேச்சு அதோடு முடியவில்லை. பின்னாலிருந்து "அக்கா, உங்கட பிரச்சினை எங்களுக்கும் இருந்தது" என்று தமிழ் கேட்டது. யாழ்ப்பாணத்துப் பையன், கொழும்பில் வேலை. கொஞ்ச நேரத்தில் பினாங்கிலிருந்து வந்த ஒரு அக்காவும் சேர்ந்துகொண்டார், அவர் ஸ்மார்ட் கான்ட்ராக்ட் (பிளாக்செயினில் தானே இயங்கும் நிரல்) தணிக்கை செய்கிறவர். ஒரு நிரல் வேலையை முடிப்பதற்குள் அதையே மறுபடி அழைத்து ஏமாற்றும் 'ரீஎன்ட்ரன்சி'யைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று மூன்று பேரும் ஒரு மணி நேரம் வாதாடினோம். ஒன்றும் முடிவாகவில்லை, ஆனால் அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. என் அலுவலகத்தில் கோட் பற்றிய பேச்சு எல்லாம் ஆங்கிலம்தான். தாய்மொழியில் இவ்வளவு ஆழமாகத் தொழில் பேசியது எனக்கு அதுதான் முதல் தடவை.

மூன்றாம் நாள் மாலை மூவருமாகச் சீலோம் சாலை மாரியம்மன் கோயிலுக்குப் போனோம். 1879இல் இங்கே வந்த தமிழர்கள் கட்டியது. வாசலில் செவ்வந்தி மாலைக் கடைகள், உள்ளே தட்டு நிறையப் பழத்தோடு தாய்லாந்து மக்கள். கோபுரத்தைப் பார்த்ததும் பினாங்கு அக்கா செருப்பைக் கழற்றிய வேகத்தைப் பார்க்க வேண்டுமே!

மாநாட்டுக்கு வெளியே அதே வாரத்தில் நூற்றுக்கணக்கில் பக்க நிகழ்ச்சிகள் நடக்கும். ஒரு நிறுவனத்தின் இரவு விருந்துக்குப் பெயர் பதிந்து, உறுதிப்படுத்திய மின்னஞ்சலும் வந்து, ஒன்றே கால் மணி நேரம் வரிசையில் நின்றோம். வாசலில் "நீங்கள் முதலீட்டாளரா?" என்று கேட்டார்கள். இல்லை என்றதும் ஓரமாக நிற்கச் சொன்னார்கள். கோட் எழுதுகிறவர்களை அப்படி நிறுத்தியது எனக்கு இன்னும் வருத்தம்தான். பக்க நிகழ்ச்சிகளில் பயிற்சிப் பட்டறைகளுக்கு மட்டும் போங்கள், விருந்துகளை விட்டுவிடுங்கள்.

கடைசி நாள் லோய் கிரதோங். ஐப்பசிப் பௌர்ணமி, நம் ஊர்ச் சிவன் கோயில்களில் அன்னாபிஷேகம் நடக்கும் நாள். அங்கே வாழைத்தண்டை வட்டமாக வெட்டி, சுற்றிலும் இலை மடித்து, பூவும் ஊதுவத்தியும் மெழுகுவத்தியும் வைத்து ஆற்றில் விடுகிறார்கள். நிறைவு விழா முடிந்து சாவ் பிரயா கரைக்கு நடந்தோம். கழுத்தில் டெவ்கான் அட்டையோடு எத்தனையோ பேர் அந்தக் கூட்டத்தில் கலந்திருந்தார்கள். நாங்கள் மூவரும் சேர்ந்து ஒன்று வாங்கி விட்டோம்.

திரும்பி வந்ததிலிருந்து வியாழன் இரவு ஒன்பது மணிக்கு மூவரும் இணைய அழைப்பில் பேசுகிறோம். பாங்காக்கில் எல்லா மேசையிலும் அடிபட்ட இ.ஐ.பி. 7702 (சாதாரணக் கணக்கையும் ஸ்மார்ட் கான்ட்ராக்ட் போல இயங்க வைக்கும் முன்மொழிவு), 2025 மே மாதம் எத்தீரியத்தின் பெக்ட்ரா மேம்படுத்தலில் நடைமுறைக்கு வந்தபோது, அதை எங்கள் வாலட்டில் சேர்ப்பதற்கு முன் நான் எழுதியதை வரி வரியாகப் பார்த்துக் கொடுத்தது பினாங்கு அக்காதான்.

மும்பைக்கு வருகிறவர்களுக்கு: டிக்கெட்டில் சலுகைகள் வருகின்றன, கல்வி உதவி, தன்னார்வலர் வாய்ப்பு எல்லாம் உண்டு. அறிவிப்பு வந்த வாரமே விண்ணப்பித்துவிடுங்கள். வரும்போது உங்களால் தீர்க்க முடியாத ஒரே ஒரு பிரச்சினையை, ஓடும் கோடோடு, லேப்டாப்பில் வைத்துக்கொள்ளுங்கள். யாரிடம் வேண்டுமானாலும் தயங்காமல் காட்டுங்கள். எனக்கு இந்த முறை விமானம் வேண்டாம், கோவையிலிருந்து குர்லா எக்ஸ்பிரஸ் இருக்கிறது. அறுபது நாளுக்கு முன்பு முன்பதிவு திறக்கும். யாழ்ப்பாணத்துத் தம்பி சென்னையில் இறங்கி, கோவை வந்து, என்னோடு அதே ரயிலில் வருவதாகச் சொல்லியிருக்கிறான்.