நார்ட்டன்–சிட்வுட் விண்கல் கையேடு: பின்னாலிருந்து படிக்க வேண்டிய புத்தகம்

ஓ. ரிச்சர்ட் நார்ட்டனும் லாரன்ஸ் சிட்வுட்டும் எழுதிய ‘ஃபீல்ட் கைடு டு மீட்டியர்ஸ் அண்ட் மீட்டியரைட்ஸ்’ 2008-இல் ஸ்பிரிங்கர் வெளியீடாக வந்தது. பறவைக் கையேடு போல, கையிலுள்ள கல்லைப் படத்தோடு ஒப்பிட்டு முடிவு சொல்லிவிடலாம் என்று நினைத்து வாங்குகிறவர்கள்தான் இதில் ஏமாறுகிறார்கள். மீன்கொத்திக்கு ஒரு உருவம் உண்டு, விண்கல்லுக்கு அப்படி ஒன்று இல்லை. கறுப்பாக, கனமாக, காந்தம் ஒட்டும்படி இருக்கும் கல் எதுவானாலும் இந்தப் படங்களில் ஏதோ ஒன்றைப் போலத் தெரியத்தான் செய்யும்.

அதனால் மூன்றாம் பகுதியிலிருந்து தொடங்க வேண்டும். போலிக் கற்களுக்கென்றே அங்கே ஓர் அத்தியாயம் உண்டு. புத்தகத்தின் விலைக்கு அது ஒன்றே போதும். அடுத்து வருபவை களத்தில் தேடுவது பற்றியும், கைலென்ஸிலிருந்து நுண்ணோக்கி வரை போவது பற்றியும். கையில் ஒரு சந்தேகக் கல்லோடு இருப்பவருக்கு முதல் இரண்டு பகுதிகள் அப்புறம்தான்.

ஒரு குறை: தமிழ்நாட்டு மண்ணில் ஏமாற்றும் கற்களை அதில் தேடக் கூடாது. இங்கே முதல் எதிரி இரும்புக் கிட்டம், அதாவது இரும்பு உருக்கும்போது மிஞ்சும் கசடு. கொடுமணல் போன்ற பழைய இரும்பு உருக்கிய இடங்களைச் சுற்றி இன்றும் கிடக்கிறது. கறுத்து, உருகி வழிந்த தோற்றம். ஆனால் உடைத்த முகத்தில் குமிழித் துளைகள் இருக்கும். விண்கல்லில் குமிழி மிக மிக அரிது, துளை கண்டால் பெரும்பாலும் கிட்டம் என்றே கொள்ளலாம். மேற்பரப்பில் கட்டைவிரல் பதித்தாற்போன்ற ஆழமில்லாத குழிகள் வேறு. அவை விண்கல்லில் வரும், குமிழியோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. இரண்டாவது எதிரி சேலம் கஞ்சமலை வகை மேக்னடைட் (காந்த இரும்புத் தாது) கல். காந்தம் பிடிக்கும், கையில் கனக்கும், போதாததற்கு அடர்த்தியும் சில சமயம் விண்கல் வரம்புக்குள்ளேயே வந்து நிற்கும். மூன்றாவது செம்புறைக்கல் உருண்டைகள். அவை டைல் ஓட்டில் தேய்த்ததுமே நிறக் கோடு விட்டு மாட்டிக்கொள்ளும்.

புத்தகத்தைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு செய்ய வேண்டிய வரிசை இது. முதலில் மேலோடு, அதாவது காற்றில் எரிந்து உருகிய வெளிப்படலம். புதிதாக விழுந்த கல்லில் அது பெரும்பாலும் 1 மில்லிமீட்டருக்கும் குறைவான தடிமன்தான், தோசைக்கல்லில் கரிந்த படலம் மாதிரி. உடைந்த விளிம்பில் வெளியே கறுப்பும் உள்ளே வெளிர்சாம்பலும் தனித்தனியாகத் தெரிய வேண்டும். உள்ளும் புறமும் ஒரே கறுப்பு என்றால் சந்தேகம் கூடட்டும்.

அடுத்தது காந்தம். சாதாரண காண்ட்ரைட் (மிக அதிகமாக விழும் கல் விண்கல்) வகைகள் எல்லாமே இழுக்கும். ஆனால் வலுவான நியோடிமியம் காந்தத்தைக் கல்லில் ஒட்டிப் பார்க்க வேண்டாம். கல்லுக்குள் கோடிக்கணக்கான ஆண்டுகளாகப் பதிந்திருக்கும் பழங்காந்தப் பதிவை அது அழித்துவிடும். என்டபிள்யூஏ 7034 என்ற செவ்வாய்க் கல்லின் துண்டுகளில் இப்படி அழிந்திருப்பதை 2023-இல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். கையேடு வந்த காலத்தில் இது பெரிய பேச்சாக இல்லை. சாதாரண, வலுக் குறைந்த சிறு காந்தத்தை நூலில் தொங்கவிட்டுக் கல்லருகே கொண்டுபோய், நூல் சாய்கிறதா என்று பார்த்தாலே போதும்.

பிறகு கீற்று, அதாவது கல்லைத் தேய்க்கும்போது விழும் கோட்டின் நிறம். தரை டைலின் பின்புறம், மெருகு பூசாத பக்கம், இதற்குத் தோதானது. செம்பழுப்புக் கோடு விழுந்தால் ஹேமடைட் என்ற இரும்புத் தாது, கறுப்புக் கோடு விழுந்தால் மேக்னடைட். விண்கல் பெரும்பாலும் ஒன்றும் விடாது, விட்டாலும் மங்கிய சாம்பல்தான். நெடுநாள் மண்ணில் கிடந்து துருவேறிய கல் பழுப்புக் கோடு போடலாம், அதனால் துரு இல்லாத இடத்தைத் தேய்க்க வேண்டும்.

அடர்த்தியில்தான் பலரும் தவறுகிறார்கள். 182 கிராம் கல் என்று வைத்துக்கொள்வோம். தண்ணீர்க் குவளையை எலெக்ட்ரானிக் தராசில் வைத்துப் பூஜ்யமாக்கி, மெல்லிய நூலில் கட்டிய கல்லை முழுக்க மூழ்கும்படி, அடியையோ பக்கத்தையோ தொடாமல் தொங்கவிட வேண்டும். தராசு காட்டும் கிராம் எண்ணே கல்லின் கன அளவு, கன சென்டிமீட்டரில். 52 என்று காட்டினால் 182-ஐ 52-ஆல் வகுக்க 3.5. சாதாரண காண்ட்ரைட்டுகள் ஏறக்குறைய 3.2 முதல் 3.8-க்குள் வரும். கிரானைட் 2.7-க்கு அருகில், தூய மேக்னடைட் 5.2, இரும்பு விண்கல் 7.5-க்கு மேல். கல் அடியைத் தொட்டால் கன அளவு ஏறிக் காட்டும், அடர்த்தி இறங்கிவிடும். ஒட்டிய காற்றுக்குமிழியும் அதே பிழையைத்தான் செய்யும். 5 கிராம் துண்டை 0.1 கிராம் தராசில் அளந்தால் 3.5 என்பது 3.3 ஆகவும் வரும், 3.8 ஆகவும் வரும். சிறு துண்டுக்கு 0.01 கிராம் தராசு கட்டாயம். காய்ச்சி வடித்த நீரில் சட்டென்று முடித்து, ஐசோபுரோபில் ஆல்கஹாலில் துடைத்து உலர்த்துங்கள். குழாய் நீரிலுள்ள குளோரைடு துருவுக்கு அழைப்பு வைக்கும்.

இவ்வளவையும் தாண்டினால் மட்டுமே ‘ஜன்னல்’ திறக்கலாம். ஒரு மூலையில் சுண்டுவிரல் நகத்தளவு இடத்தை 220 எண் உப்புத்தாளில் தேய்த்து, பிறகு 400, 800 என்று ஏற்றுங்கள். நகைக்கடை 10 மடங்கு லென்ஸில் வெள்ளிபோல் மின்னும் உலோகப் பொடிகள் தெரிகின்றனவா? பித்தளை மஞ்சளாக மின்னினால் பைரைட்டாக இருக்கலாம். கூடவே கால் மில்லிமீட்டர் முதல் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் வரையிலான உருண்டைகள், அதாவது காண்ட்ரூல்கள், தெரிந்தால் விஷயம் முக்கால்வாசி முடிந்தது. கஞ்சமலைக் கல்லில் இந்த இடத்தில் குவார்ட்ஸ் பட்டைகள் வரிவரியாகத் தெரியும், அதோடு கதை முடிந்தது. உலோகம் தெரியாததால் மட்டும் கல்லைத் தூக்கி எறியவும் வேண்டாம். 2022 ஆகஸ்ட் 17-இல் குஜராத்தின் தியோதரில் விழுந்தது ஆப்ரைட் என்ற அரிய விண்கல் வகை. வெளிறிய உட்புறம், உலோகமும் மிகக் குறைவு.

முழு இரும்புத் துண்டானால் நிக்கல் சோதனை. அரத்தால் புது உலோகம் தெரியத் தேய்த்து, ஒரு சொட்டு வினிகரைச் சில நிமிடம் விட்டு, பஞ்சில் ஒற்றி, அமோனியாவும் டைமெத்தில்கிளையாக்சைமும் சேர்த்தால் இளஞ்சிவப்பு வர வேண்டும். வராவிட்டால் வெறும் இரும்பு. வந்துவிட்டால் உடனே துள்ள வேண்டாம், நிக்கல் கலந்த எவர்சில்வரும் இதில் தேறிவிடலாம்.

புத்தகத்தின் இரண்டாம் பகுதி வகைகளைத் தெளிவாகச் சொல்கிறது, ஆனால் வயதாகிவிட்டது. ஜப்பானின் ஹயபுசா விண்கலம் 2010-இல் இட்டோகாவா குறுங்கோளிலிருந்து கொண்டுவந்த துகள்கள் எல்எல் காண்ட்ரைட்டுகளோடு (இரும்பு மிகக் குறைந்த சாதாரண காண்ட்ரைட் வகை) ஒத்துப்போனதும், நாசாவின் டான் கலம் 2011-இல் வெஸ்டா குறுங்கோளை அடைந்ததும் இதற்குப் பிந்தையவை. தாய்க்கோள், அதாவது கல் எந்தக் குறுங்கோளிலிருந்து உடைந்து வந்தது என்பது, பற்றிய பக்கங்களை அந்த எச்சரிக்கையோடு படியுங்கள்.

விலைக்கு வாங்கிய கல்லைச் சரிபார்க்க இது போதாது. அதற்கு மோனிகா கிரேடியின் ‘கேட்டலாக் ஆஃப் மீட்டியரைட்ஸ்’ ஐந்தாம் பதிப்பு (2000) உதவும். பெயர், விழுந்த நாள், வகை, மொத்த எடை எல்லாம் உண்டு. 1857 பிப்ரவரி 28-இல் மதுரைப் பக்கம் விழுந்த பர்னல்லியை அதில் பாருங்கள். எல்எல்3 வகை, அதாவது அதிகம் சூடேறி மாறாத எல்எல், காண்ட்ரூல்கள் பளிச்சென்று பிரிந்து தெரியும் கல். அதன் பெயரில் காண்ட்ரூல் மங்கிய துண்டை யாராவது நீட்டினால் காசை எடுக்காதீர்கள். 2000-க்குப் பிந்தைய பெயர்களுக்கு மீட்டியரிட்டிக்கல் சொசைட்டி என்ற பன்னாட்டு விண்கல் ஆய்வாளர் சங்கத்தின் இணையத் தரவுதளம்தான் வழி. இரும்பு விண்கற்களுக்கு 1975-இல் வந்த புக்வால்டின் மூன்று தொகுதிக் கையேட்டை மிஞ்ச இன்னும் ஆளில்லை. விற்பவர் நடுத்தர ஆக்டஹெட்ரைட் (குறுக்கும் நெடுக்குமாக உலோகப் பட்டைகள் ஓடும் இரும்பு விண்கல் வகை) என்றால் அமிலத்தில் அரித்த முகத்தில் பட்டை அகலம் 0.5 முதல் 1.3 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். அளவுகோலை வைத்தே பொய்யைப் பிடித்துவிடலாம்.

எல்லாம் தேறினாலும் முறையான ஆய்வகப் பகுப்பாய்வும் சொசைட்டியின் ஒப்புதலும் இல்லாமல் கல்லுக்குப் பெயர் கிடையாது. அதற்கு 20 கிராம் அல்லது மொத்த எடையில் 20 சதவீதம், எது குறைவோ அது, அங்கீகரித்த நிறுவனத்தில் மாதிரியாக இருக்க வேண்டும். இந்தியாவில் விழும் கற்களுக்குக் காப்பாளர் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை. வயலில் கிடைத்தது உண்மையாகவே விண்கல் போலத் தெரிந்தால், இன்னொரு ஜன்னல் திறக்காமல், கிடந்த இடத்தின் ஆயத்தொலைவுகளைக் குறித்துக்கொண்டு அங்கே தெரிவியுங்கள்.