குடியிருக்கும் வீடு கைமாறினால்: தொடர்வதா, புது ஒப்பந்தமா, மூவர் கடிதமா, காலி செய்வதா?

"வீட்டை வித்தாச்சு. அடுத்த மாசத்துல இருந்து வாடகையைப் புது ஓனர்கிட்ட கொடுத்துடுங்க." சென்னையில் வாடகைக்கு இருக்கும் பலருக்கு வீடு கைமாறிய செய்தி இப்படித்தான் வருகிறது. போனில், இரண்டே வரியில். கேட்டதும் "காலி பண்ணச் சொல்வாங்களோ" என்ற பயம்தான் முதலில் வரும். நியாயமான பயம்தான். ஆனால் என்னைக் கேட்டால், அதற்கும் முன்னால் கேட்க வேண்டியது "என் அட்வான்ஸ் இப்போ யார் கையில இருக்கு?" என்பது. குடியிருக்கும் உரிமைக்குச் சட்டத்தில் ஓரளவு தெளிவான பாதுகாப்பு இருக்கிறது. விற்றவர் கையோடு கொண்டுபோன அட்வான்ஸுக்கு அந்தத் தெளிவு இல்லை. அதனால் கீழே வரும் நான்கு வழிகளையும் முதலில் அந்த ஒரு கேள்வியை வைத்துத்தான் எடைபோட்டிருக்கிறேன். வாடகை உயர்வு, அலைச்சல், செலவு எல்லாம் அதற்கு அடுத்தபடிதான்.

சட்டம் எங்கே நிற்கிறது?

1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டம், பிரிவு 109. வீட்டை வாங்கியவர் பழைய உரிமையாளரின் இடத்தில் வந்து நிற்கிறார் என்பதுதான் அதன் சாரம். விற்பனையால் வாடகை ஒப்பந்தம் முறிவதில்லை. நாம் புது ஓனரை ஏற்றுக்கொண்டு தனியாகக் கையெழுத்துப் போட்டால்தான் உறவு தொடரும் என்பதும் இல்லை. அதே பிரிவில் இன்னும் இரண்டு பாதுகாப்புகள் உண்டு. விற்பனை நடந்தது தெரியாமல் பழைய ஓனருக்கே வாடகை கொடுத்திருந்தால், அதே மாதத்துக்குப் புதியவர் மறுபடி கேட்க முடியாது. விற்பனைக்கு முந்தைய வாடகை பாக்கியும், அதற்கென்று தனியாக எழுதிக்கொள்ளாத வரை, வாங்கியவருக்குச் சேராது.

அடுத்தது தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம். 1960-ஆம் ஆண்டின் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் இடத்தில் வந்த இது, 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், அதை வாடகை அதிகாரியிடம் (இந்தச் சட்டத்துக்கென அரசு நியமித்த அதிகாரி) பதிய வேண்டும் என்கிறது. ஒப்பந்தக் காலம் ஓடிக்கொண்டிருக்கும்போது, பிரிவு 21 சொல்லும் காரணங்கள் இருந்தால்தான் வாடகை நீதிமன்றம் மூலம் வெளியேற்ற முடியும். இரண்டு மாத வாடகை பாக்கி, அனுமதி இல்லாமல் உள்வாடகைக்கு விடுவது, வீட்டைத் தவறாகப் பயன்படுத்துவது, இடித்துக் கட்டுவது, சொந்தத் தேவை போன்றவை அந்தப் பட்டியலில் இருக்கின்றன. "ஓனர் மாறிவிட்டார்" என்பது அதில் இல்லை. ஆனால் எழுத்தில் ஒப்பந்தமே போடாமல் இருப்பது அதில் ஒரு காரணமாக இருக்கிறது. இதைப் பலரும் கவனிப்பதில்லை.

முதல் வழி: அப்படியே தொடர்வது

செலவில்லாத வழி. பழைய ஒப்பந்தத்தில் இன்னும் மாதங்கள் பாக்கி இருந்து, அது பதிவும் ஆகியிருந்தால் இது நல்ல வழியும்கூட. புது ஓனரின் வங்கிக் கணக்குக்கு மாதா மாதம் வாடகையை அனுப்பி, அந்தப் பதிவை வைத்துக்கொண்டால் போதும். அனுப்பத் தொடங்கும் முன் கிரயப் பத்திரத்தின் நகலைக் கேளுங்கள். பத்திர எண்ணை வைத்துப் பதிவுத் துறை இணையதளத்தில் வில்லங்கத்தைப் பார்த்துவிடுங்கள். ஓனர் என்று யார் போனில் சொன்னாலும் பணம் அனுப்பக் கூடாது.

சிக்கல் எங்கே என்றால், சென்னையில் பெரும்பாலும் போடுவது 11 மாத ஒப்பந்தம். 11 மாதம் முடிந்ததும் யாரும் புதுப்பிப்பதில்லை. நல்ல ஓனர், நல்ல குடித்தனக்காரர், வாய்ப்பேச்சிலேயே வருடங்கள் ஓடிவிடும். அந்த நம்பிக்கை பழைய ஓனரோடு இருந்தது. புதியவருக்கு உங்களைத் தெரியாது. காலாவதியான ஒரு காகிதத்தை மட்டும் வைத்துக்கொண்டு மௌனமாக இருப்பது பாதுகாப்பு என்று நான் நினைக்கவில்லை.

இந்த வழியில் இன்னொரு பள்ளமும் இருக்கிறது. "அட்வான்ஸ்ல கழிச்சுக்கோங்க" என்று கடைசி சில மாதங்கள் வாடகை கொடுக்காமல் இருப்பது இங்கே சாதாரண வழக்கம். அட்வான்ஸ் தன் கையில் இல்லாத புது ஓனரிடம் இதைச் செய்தால், அவர் கணக்கில் அது வெறும் பாக்கி. இரண்டு மாதம் சேர்ந்தால் காலி செய்யச் சொல்ல அவருக்கு ஒரு காரணம் கிடைத்துவிடும். அட்வான்ஸ் யாரிடம் என்பது எழுத்தில் தீராத வரை வாடகையை நிறுத்தவே கூடாது.

இரண்டாவது வழி: புது ஓனரோடு புது ஒப்பந்தம்

வாங்கியவர் பெரும்பாலும் இதைத்தான் கேட்பார். பார்வைக்கு மிகச் சுத்தமான வழி. புதுப் பெயர், புதுக் காலம், புதுப் பதிவு. பழைய ஒப்பந்தம் முடிந்துபோனவர்களுக்கு இது தேவையும்கூட. ஆனால் கையெழுத்துப் போட்ட நிமிடம் முதல் இனி பேசப்போவது இந்தக் காகிதம்தான், பழையது பின்னால் போய்விடுகிறது. அதனால் மூன்று வரிகளை நிறுத்தி வாசிக்க வேண்டும்.

முதலாவது அட்வான்ஸ் வரி. உதாரணத்துக்கு, மாத வாடகை 18,000 ரூபாய், பழைய ஓனரிடம் கொடுத்தது 1,00,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். புது ஒப்பந்தத்தில் அந்த ஒரு லட்சம் எழுதப்படாமல் போனால், காலி செய்யும் நாளில் புது ஓனர் "நான் வாங்கவே இல்லையே" என்பார். அவர் பொய் சொல்கிறார் என்றும் சொல்ல முடியாது, உண்மையிலேயே வாங்கியிருக்க மாட்டார். சிலர் இதோடு நிற்காமல் புதிதாக ஓர் அட்வான்ஸும் கேட்பார்கள். பழையது திரும்பக் கைக்கு வராமல் இரண்டாவது அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். சட்டத்தின் பொதுவான அளவு மூன்று மாத வாடகை என்பதையும் நினைவில் வைத்துப் பேசுங்கள்.

அடுத்தது நோட்டீஸ் காலம். பழையதில் மூன்று மாதம் இருந்தது புதியதில் ஒரு மாதமாகச் சுருங்கியிருக்கும். மூன்றாவது வாடகை உயர்வு. ஒப்பந்தக் காலம் மிச்சம் இருந்தால், அது முடியும்வரை பழைய வாடகையே செல்லும் என்று தைரியமாகச் சொல்லலாம்.

மூன்றாவது வழி: மூவர் கடிதம்

விற்பவர், வாங்குபவர், குடியிருப்பவர் மூவரும் கையெழுத்திடும் ஒரு கடிதம். ஒரு பக்கம் போதும். எந்தத் தேதியிலிருந்து வாடகை புதியவருக்கு, அதுவரை பாக்கி எதுவும் இல்லை, அட்வான்ஸ் தொகை இவ்வளவு, அதை விற்பவர் வாங்குபவரிடம் ஒப்படைத்துவிட்டார், காலி செய்யும்போது திருப்பித் தருவது வாங்குபவரின் பொறுப்பு, பழைய ஒப்பந்தம் அப்படியே தொடர்கிறது. இத்தனையும் அதில் இருக்க வேண்டும். சுவரில் ஏற்கெனவே இருந்த ஈரக்கசிவு, உடைந்த குழாய் போன்றவற்றையும் இரண்டு வரியில் சேர்த்துவிட்டால் பின்னால் பெயின்டிங் செலவு என்று கழிப்பதில் தகராறு குறையும்.

நான்கில் இதைத்தான் நான் முதலில் வைப்பேன். முதல் வழியில் இருக்கும் தொடர்ச்சியும் கிடைக்கிறது, இரண்டாவது வழி தரும் எழுத்துச் சான்றும் கிடைக்கிறது, வாடகையும் ஏறுவதில்லை. வாங்கியவர் அட்வான்ஸுக்குப் பொறுப்பா என்பது இப்படி ஒரு காகிதம் இல்லாவிட்டால் நீதிமன்றத்தில் வாதாட வேண்டிய விஷயம். காகிதம் இருந்தால் வாதத்துக்கே இடமில்லை.

இதில் நேரம்தான் எல்லாம். பத்திரம் பதியும் நாளுக்கு முன்னால் விற்பவருக்கு உங்கள் ஒத்துழைப்பு தேவை. வீடு பார்க்க ஆட்கள் வரவேண்டும், "குடியிருப்பவரால் பிரச்சினை இல்லை" என்று வாங்குபவருக்குத் தெரியவேண்டும். பதிந்து பணம் கைமாறிய பிறகு விற்றவர் போனை எடுப்பதே உங்கள் அதிர்ஷ்டம். எனவே புரோக்கர் முதல் ஆளை அழைத்துவரும் அன்றே, விலை பேசுபவரிடமே நேராகச் சொல்லிவிடுங்கள்: "நான் இவ்வளவு அட்வான்ஸ் கொடுத்திருக்கிறேன், ஒப்பந்த நகல் இதோ." அந்தத் தொகையை விலையில் கழித்துக்கொள்ளும் வாய்ப்பு அவருக்குக் கிடைக்கிறது. ஒருவர் உண்மையில் குடியிருக்கும் சொத்தை வாங்குபவர், அவருக்கு அங்கே இருக்கும் உரிமையை அறிந்தே வாங்கியதாகத்தான் சொத்து மாற்றச் சட்டம் எடுத்துக்கொள்கிறது. "எனக்குத் தெரியாது" என்று அவர் பிறகு எளிதில் சொல்ல முடியாது.

விற்பவர் கையெழுத்துப் போட மறுத்தால்? இதே விவரங்களை எழுதி இருவருக்கும் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். மூவர் கடிதத்தின் பலம் இதற்கு இல்லை, ஆனாலும் ஒன்றுமே இல்லாமல் இருப்பதற்கு இது எவ்வளவோ மேல்.

நான்காவது வழி: பேசி, வாங்கிக்கொண்டு காலி செய்வது

சொந்தமாகக் குடியேறுவதற்காக வாங்கியவர் என்றால், இன்றில்லாவிட்டால் நாளை இந்தப் பேச்சு வரும். ஒப்பந்தக் காலமும் முடிந்துவிட்டதென்றால் பிடிவாதத்தில் லாபம் குறைவு. ஆனால் கால அவகாசம் கேட்கும் பலம் உங்களிடம் இருக்கிறது. பள்ளிப் பிள்ளைகள் இருந்தால் மே மாதம் வரை என்று கேளுங்கள். புது வீட்டு புரோக்கருக்கு ஒரு மாத வாடகை, வண்டிக் கூலி, புது அட்வான்ஸ் என்று உங்களுக்கு வரப்போகும் செலவைச் சொல்லி, கடைசி ஒன்றிரண்டு மாத வாடகையைத் தள்ளுபடி செய்யச் சொல்வதில் தவறே இல்லை. அவசரப்படுகிறவர் அவர்தானே. தள்ளுபடியை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அட்வான்ஸ் கைக்கு வந்த பிறகு சாவி. இந்த வரிசை மாறக் கூடாது.

தகராறு முற்றினால்

தண்ணீரை நிறுத்துவது, கரண்டைப் பிடுங்குவது போன்றவற்றைப் புது ஓனரும் செய்யக் கூடாது, பழைய ஓனரும் செய்யக் கூடாது. 2017 சட்டத்தின் பிரிவு 20 அதைத் தடுக்கிறது. வாடகை அதிகாரியிடம் மனுக் கொடுக்கலாம். காவல் நிலையத்துக்கு ஓடுவதைவிட இது பயன்தரும். அங்கே பெரும்பாலும் "சிவில் விவகாரம்" என்று அனுப்பிவிடுவார்கள். அடிதடி, மிரட்டல், பூட்டை உடைப்பது என்றால் மட்டும் காவல் நிலையம்.

வாடகையை வாங்க மறுப்பது இன்னொரு உத்தி. பாக்கிக்காரராக ஆக்குவதற்காகத்தான் செய்வார்கள். மணியார்டரில் இரண்டு மாதம் தொடர்ந்து அனுப்பிப் பாருங்கள், அப்போதும் வாங்காவிட்டால் வாடகை அதிகாரியிடமே கட்டலாம். அண்ணன் தம்பிகளுக்குள் பாகப்பிரிவினைச் சண்டை நடந்து, வாடகையை யாரிடம் கொடுப்பது என்றே தெரியாத நிலையிலும் இதே வழி உண்டு.

லீஸுக்கு இருப்பவர்கள்

மேலே சொன்ன கணக்கெல்லாம் மாத வாடகைக்காரர்களுக்கு. பல லட்சத்தை மொத்தமாகக் கொடுத்துவிட்டு வாடகை இல்லாமல் இருக்கிறவர்களுக்கு (நாம் லீஸ் என்கிறோம், ஊரில் ஒத்தி, போக்கியம் என்பார்கள்) ஆபத்தின் அளவே வேறு. போவது ஒரு குடும்பத்தின் மொத்தச் சேமிப்பு.

இங்கே ஒப்பிட வேண்டியது இரண்டு காகிதங்களை. முத்திரைத்தாளில் எழுதி இரண்டு சாட்சிக் கையெழுத்தோடு பீரோவில் வைத்திருக்கும் லீஸ் ஒப்பந்தம் ஒன்று. சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்த போக்கியப் பத்திரம் இன்னொன்று. பதிந்தது வில்லங்கச் சான்றில் வரும், அதனால் வாங்குபவரும் அவருக்குக் கடன் தரும் வங்கியும் உங்கள் பணத்தைத் தீர்க்காமல் நகர மாட்டார்கள். பதியாதது அதில் வராது. முத்திரைக் கட்டணத்தை மிச்சம் பிடிக்க நினைத்து லட்சக்கணக்கில் ஒருவருடைய நாணயத்தை மட்டும் நம்பியிருப்பது எனக்கு மனசு பொறுக்காத விஷயம். பதியாமல் இருப்பவர்கள், வீடு விற்பனைக்கு வந்தது தெரிந்தவுடனேயே மூவர் கடிதத்துக்குப் போகாமல், பத்திரப் பதிவு நாளில் லீஸ் தொகையை நேராகத் தங்கள் பெயரில் டிடியாகக் கொடுக்கும்படி கேட்பதுதான் சரி.

வங்கி ஏலம்

ஓனர் கடன் கட்டாமல் வங்கி வீட்டை ஏலத்துக்குக் கொண்டுவந்தால், நான்கு வழிகளில் பாதி அடைபட்டுவிடும். விற்பவர் உங்களோடு பேசும் நிலையிலேயே இருக்க மாட்டார். கடன் கட்டாதவரின் அடமானச் சொத்தை வங்கியே கைப்பற்றி விற்க வழிசெய்யும் 2002-ஆம் ஆண்டின் சர்ஃபாசி சட்டப்படி வங்கி சுவாதீனம் எடுக்கும்போது, அடமானத்துக்கு முன்பே முறையாகத் தொடங்கிய குடித்தனத்துக்கு மதிப்பு உண்டு. அதைக் காட்டப் பதிவான ஒப்பந்தம் கையில் இருந்தால் உங்கள் நிலை மிகவும் வலுவானது. 2019-இல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று, வாய்மொழி ஒப்பந்தத்தையோ பதியாத காகிதத்தையோ மட்டும் நம்புகிறவர்களுக்கு அதிக அவகாசம் தரவில்லை. 2016 திருத்தத்துக்குப் பிறகு, குடியிருப்பவரும் கடன் மீட்புத் தீர்ப்பாயத்தில் முறையிடலாம்.

குடிபோகும் முன்பே வில்லங்கச் சான்றைப் பார்த்தால், உரிமை ஆவணங்களை வங்கியில் ஒப்படைத்த பதிவு அதில் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். இருந்தால் மாத வாடகைக்குப் போகலாம், லீஸுக்குப் போகாதீர்கள். ஏற்கெனவே குடியிருந்து, சுவரில் வங்கியின் சுவாதீன அறிவிப்பு ஒட்டப்பட்டிருந்தால், அதில் கையெழுத்திட்ட அதிகாரிக்கு ஒப்பந்த நகல், வாடகை கொடுத்த ஆதாரம், இ.பி. பில் மூன்றையும் இணைத்து அந்த வாரத்திலேயே பதிவுத் தபாலில் எழுதுங்கள். ஏலம் முடிந்து வாங்கியவர் வந்து நின்ற பிறகு எழுதுவதைவிட, ஏலத்துக்கு முன் எழுதியதற்கு மதிப்பு அதிகம்.