‘பாரம்பரியத் தோட்ட உலா’ விளம்பரம் பார்த்தால் உஷார்!

“சென்னைக் கடலோரப் பாரம்பரியத் தோட்டங்கள், அரை நாள் உலா, ஏசி வண்டி, நுழைவுக் கட்டணம் உட்பட” என்று இன்ஸ்டாகிராமில் ஒரு விளம்பரம் சுற்றுகிறது. ஆளுக்கு 1,800 ரூபாய், மொத்தமும் முன்கூட்டியே ஜிபேயில் கட்டிவிட வேண்டும். திருநெல்வேலியிலிருந்து வந்திருந்த அத்தைக்கு அடையாறு ஆலமரத்தைப் பார்க்க ரொம்ப நாளாக ஆசை. அதற்காகத்தான் கட்டினேன். கிழமையை அவர்களே குறித்தார்கள்: ஞாயிறு.

அந்த மரம் இருக்கும் பிரம்மஞான சபை வளாகத்துக்குள் ஞாயிற்றுக்கிழமை பார்வையாளர்களை விடுவதில்லை. பூட்டிய கேட் முன்னால் வண்டி நின்றது. வாட்ச்மேன் எங்களைப் பார்க்கவில்லை, கைடைப் பார்த்துச் சொன்னார்: “போன வாரமும் இதையேதானே சொன்னேன், சார்?”

தெரிந்தே கூட்டி வந்திருக்கிறான்!

கைடு கொஞ்சமும் அசரவில்லை. போனில் மரத்தின் படத்தை எடுத்து, “அன்னி பெசன்ட் அம்மையார் நட்டது” என்று ஆரம்பித்தான். அத்தை ஓய்வுபெற்ற தாவரவியல் டீச்சர். “ஏம்ப்பா, 450 வருச மரம்னு சொல்லுதாவ. 1893-ல இந்தியாவுக்கு வந்த அம்மா எப்படி நட்டிருப்பாவ?” பதில் இல்லை. சபை அந்த இடத்துக்கு வந்ததே 1882-இல்தான். 1989 புயலில் தாய்மரம் சாய்ந்தது, இப்போது விழுதுகள்தான் மரமாக நிற்கின்றன என்பதையும் அத்தைதான் வண்டியில் இருந்தவர்களுக்குச் சொன்னார். கைடு சம்பளத்தில் பாதி அவருக்குச் சேர வேண்டும்.

அடுத்தது செம்மொழிப் பூங்கா. “வெள்ளைக்காரன் காலத்துத் தோட்டம்” என்றான். 2008 வரை அங்கே உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் இருந்தது, மசால் தோசை சாப்பிட்ட ஆட்கள் ஊரில் ஆயிரம் பேர் இருக்கிறோம். பூங்கா திறந்தது 2010-இல். நிலம் வேண்டுமானால் பழசு, 1835-இல் தொடங்கிய தோட்டக்கலைச் சங்கத்தின் கையில் இருந்தது. அந்தச் சங்கத்தைப் பற்றி அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. டிக்கெட்டையும் நாங்களே எடுக்க வேண்டியிருந்தது. கேட்டால், “உட்பட என்றது வண்டிக்கு” என்கிறான். பிறகு லஸ் நாகேஸ்வர ராவ் பூங்கா. மயிலாப்பூர்க்காரர்கள் தினமும் காலையில் காசில்லாமல் நடக்கும் இடம்!

மிச்ச நேரம் முழுக்க ஈசிஆரில் ஒரு நர்சரி. ஒரு அடினியம் தொட்டி 900 ரூபாய். கைடு நிழலில் உட்கார்ந்து ஓனரோடு டீ குடித்துக்கொண்டிருந்தான். கமிஷன் என்று தனியாகச் சொல்ல வேண்டுமா?

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, “இடங்களை மாற்ற எங்களுக்கு உரிமை உண்டு” என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி வந்தது. அப்புறம் பிளாக்.

மறுநாள் அத்தையை ஆட்டோவில் கூட்டிப்போய் ஆலமரத்தைக் காட்டினேன். எங்களிடம் நுழைவுக் கட்டணமே வாங்கவில்லை. காலையிலும் மதியத்துக்கு மேலும் கொஞ்ச நேரம்தான் விடுவார்கள், அதனால் போன் செய்து கேட்டுவிட்டுப் போங்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். இதே வண்டியில் ஏமாந்தவர்கள் ஜிபே ரசீதையும் விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட்டையும் அழிக்காமல் வைத்து, நீங்களும் பதியுங்கள்.