கரன்ட்டும் கர்ர் சத்தமும்: வீட்டு ரெக்கார்டிங் அனுபவம்

சில ஆண்டுகளாக வீட்டிலேயே ஒரு சின்ன அறையில் வீணையும் குரலும் பதிவு செய்துவருகிறேன். கரன்ட் சரியில்லை என்றால் சவுண்டும் சரியிருக்காது என்று பலரும் சொல்வார்கள். அதில் பாதிதான் உண்மை.

வோல்டேஜ் ஏறி இறங்குவதால் என் பதிவு கெட்டதில்லை. 230 வோல்ட் வர வேண்டிய எங்கள் தெருவில் சாயங்காலமானால் 200-க்குக் கீழே போவதுண்டு. லேப்டாப் சார்ஜரைத் திருப்பிப் பாருங்கள், 100–240 என்று அச்சிட்டிருக்கும். அதற்குள் எது வந்தாலும் சமாளித்துக்கொள்ளும். மைக்கை லேப்டாப்போடு இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸுக்கு யூஎஸ்பி வழியாகப் போவது எப்போதும் போல 5 வோல்ட்தான். ரெக்கார்டிங்குக்கென்றே ஸ்டெபிலைசர் வாங்குவது வீண். அதன் ரிலே அடிக்கிற 'டக்' சத்தம் மைக்கில் விழுவதுதான் மிச்சம்.

உண்மையான தொல்லை எர்த்தில் இருக்கிறது. வீணையில் ஒட்டி அதன் அதிர்வைப் பிடிக்கும் கான்டாக்ட் பிக்அப்பில் ஓயாமல் ஓர் இரைச்சல். லேப்டாப் மூடியைத் தடவினால் விரல் நுனியில் லேசாக விர்ரென்று இருக்கும். சார்ஜரைக் கழற்றி பேட்டரியில் ஓட்டினால் இரண்டும் போய்விடும். காசு செலவில்லாத சோதனை இது, எதை வாங்கும் முன்னும் செய்து பாருங்கள். எங்கள் வீட்டில் மூணு பின் பிளக் எல்லாம் இருந்தது, எர்த் குழிதான் காய்ந்து கிடந்தது. கரியும் உப்பும் போட்டுப் புதுக் குழி எடுத்த பிறகு இரைச்சல் பெரும்பாலும் அடங்கியது. மிச்சம் இருந்தது, ஸ்பீக்கரையும் லேப்டாப்பையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் செருகியதும் போனது. இரண்டும் வேறு வேறு பாயின்டில் இருந்தால் எர்த் கம்பியும் ஆடியோ கேபிளும் சேர்ந்து ஒரு வளையமாகிவிடும், அதற்குள் கரன்ட்டின் 50 ஹெர்ட்ஸ் ஹம், அதாவது 'ம்ம்' என்ற இரைச்சல், புகுந்துகொள்ளும். எர்த் பின்னை உடைத்துவிடச் சொல்பவர்களும் உண்டு. தயவுசெய்து வேண்டாம், ஷாக் அடித்தால் காப்பாற்றுவது அதுதான்.

அப்புறம் ஃபேன் ரெகுலேட்டர். எலக்ட்ரானிக் வகை கரன்ட்டின் அலையை வெட்டி வெட்டி அனுப்புவதால் பிக்அப்பில் கர்ரென்று கேட்கும். ஃபுல் ஸ்பீடில் வைத்தால் குறையும். ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் ஃபேனே முனகும். மெயின் கரன்ட் போலவே சீரான அலை தரும் சைன் வேவ் இன்வெர்ட்டருக்குக் கொடுத்த கூடுதல் காசு எனக்கு உறுத்தவில்லை.

சாஃப்ட்வேரில் நீக்கிக்கொள்ளலாமே என்றால், 50-ஐ மட்டும் வெட்டுவது சுலபம். ஆனால் ஹம் 100, 150 என்று அடுக்கடுக்காக வரும். ஆண் குரலின் அடித்தளமும் அங்கேதான் இருக்கிறது. வெட்ட வெட்ட குரல் சன்னமாகிவிடும்.

பக்கத்து வீட்டில் மோட்டார் போடும்போது மட்டும் ஒரு 'டப்' இன்னும் விழுகிறது. அந்த வரியை மறுபடி வாசித்துவிடுகிறேன்.